இரண்டு காதுக் கிண்ணம்: ஏற்காட்டில் கல்யாணம் வைப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டு ரிசார்ட்டுகளில் நடக்கும் கல்யாணங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். மணமக்கள் இருவரும் ஒரே கிண்ணத்தில் குடிக்கும் ஸ்காட்லாந்து வழக்கம் இங்கேயும் தலைகாட்டத் தொடங்கியிருப்பதாகக் கட்டுரை சொல்கிறது. உண்மைதான். அந்தக் கிண்ணத்தைச் செய்து தர முடியுமா என்று கேட்டு சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்கு ஆட்கள் வருகிறார்கள். ஆனால் கட்டுரையோடு வந்த படத்தில் மணமகன் கிண்ணத்தை ஒற்றைக் கையில், டம்ளரைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறார். விளிம்புவரை சிவப்புப் பானம். மணமகள் வெண்பட்டுப் புடவையில் நிற்கிறார். அடுத்து என்ன நடந்திருக்கும் என்பதைப் படம் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரியும். அதனால்தான் வெள்ளிப் பாத்திர வேலை செய்யும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

கிண்ணத்தின் பெயர் குவெய்க். ஆழம் குறைந்த, வாய் அகன்ற கிண்ணம். விளிம்பை ஒட்டி எதிரெதிராக இரண்டு தட்டைக் காதுகள். காது வைத்த சின்ன வாணலி என்று நினைத்துக்கொண்டால் உருவம் பிடிபட்டுவிடும். ஆதியில் இது மரத்தில்தான் செய்யப்பட்டது. ஒரே கட்டையில் கடைந்ததும் உண்டு. பீப்பாய் செய்வதுபோல் சிறு பலகைத் துண்டுகளைச் சேர்த்து, வெளியே வளையம் போட்டு இறுக்கியதும் உண்டு. இரண்டாவது வகையில் ஒரு துண்டு கருமரம், அடுத்தது வெண்மரம் என மாற்றி மாற்றி வைப்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் எடின்பரோ வெள்ளிக் கொல்லர்கள் இதையே வெள்ளியில் செய்தபோது, பலகை இணைப்புகள் இருந்த இடத்தில் மேலிருந்து கீழாகக் கோடு செதுக்கினார்கள். இன்றும் நல்ல குவெய்க்கில் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். 1589-இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் ஆன் என்ற டென்மார்க் இளவரசியை மணந்தபோது இப்படி ஒரு கிண்ணத்தைப் பரிசளித்தார் என்று கல்யாணங்களில் சொல்வது அங்கே வழக்கம். விருந்தாளிக்கு வரவேற்பு, விடைபெறுபவருக்கு வழியனுப்பு என மற்ற வேளைகளிலும் இது கைமாறும். விளையாட்டுக் கோப்பையாகவும் ஆகியிருக்கிறது. 1989 முதல் ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் ரக்பியில் மோதுவது ஒரு குவெய்க்குக்காகத்தான். கடைகளில் கிடைப்பவற்றில் பாதி குடிக்க லாயக்கில்லாத அலங்காரப் பொருளாக இருப்பதற்கு இந்தக் கோப்பை மோகமும் ஒரு காரணம்.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம். 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஸ்காட்லாந்துக்காரர். சேர்வராயன் மலையில் காபியை நட்டவர் என்று பெயர் பெற்றவர். அதை வைத்துக்கொண்டு ‘காக்பர்ன் துரை கொண்டுவந்த கிண்ணம்’ என்று விளம்பரம் செய்வது வியாபாரிகளின் கைங்கரியம். கிண்ணத்துக்கு அந்தக் கதை தேவையே இல்லை. பிடித்திருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முதலில் எதை வாங்கக்கூடாது என்பது. இணையத்திலும் ரிட்டர்ன் கிஃப்ட் கடைகளிலும் குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். மேலே மெல்லிய வெள்ளி முலாம் இருக்கலாம். குங்குமமும் பாக்கும் வைக்கத் தாராளமாகப் போதும். திராட்சைச் சாறோ எலுமிச்சையோ ஊற்றிக் குடிக்க ஆகாது; புளிப்பு பட்டால் செம்பும் நிக்கலும் பானத்தில் கரையும். ஈயம் பூசாத பித்தளை, செம்புக் கிண்ணங்களுக்கும் இதே கதைதான். பழச்சாறு அரை மணி நேரம் நின்றாலே வாயில் உலோக ருசி தட்டும்.

ஸ்காட்லாந்திலிருந்து வருபவற்றில் அதிகம் காணப்படுவது பியூட்டர். நம் வீட்டு ரசத்துக்கு வைக்கிற ஈயச்செம்பின் நெருங்கிய சொந்தம் அது. 90 விழுக்காட்டுக்கு மேல் வெள்ளீயம். கெட்டிப்படுத்த ஆன்டிமனியும் செம்பும் கொஞ்சம். இந்தக் காலத்துப் பியூட்டரில் குடிக்கலாம். பழம்பொருள் என்று சொல்லி விற்கும் நூறு வருஷத்துச் சாமானில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், அதை அலமாரியில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈயச்செம்பு வைத்துப் பழகிய வீட்டில் சொல்லவே வேண்டாம்: அடுப்புப் பக்கம் கொண்டுபோகக்கூடாது. சுத்த வெள்ளீயமே 232 டிகிரியில் உருகும். கலவையும் பெரிய சூடு தாங்காது. ஓமகுண்டத்துக்கு அருகே மணையில் வைத்தால் வடிவம் கோணிப்போகலாம்.

மரத்தில் வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். பால் ஊற்றினால் மரம் உறிஞ்சிக்கொண்டு இரண்டு நாளில் நாறும். மது ஊற்றினால் வேறு வம்பு: பிரெஞ்சு பாலிஷ், அரக்குப் பூச்சு இரண்டுமே சாராயத்தில் கரைபவை. மினுக்காகச் செய்த கிண்ணத்தின் உட்பக்கம் பிசுபிசுத்து, பூச்சு பானத்தோடு வாய்க்குள் போகும். கண்ணாடி அடி வைத்த மாதிரிகளும் உண்டு. எதிரில் நிற்பவரைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம் என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள ஒட்டில் வெதுவெதுப்பான பால் பட்டுப் பட்டு இளகினால் அடியில் கசியும். வேண்டாம்.

ஆக, எங்கள் தீர்ப்பு 92.5 டச் வெள்ளி, அதாவது நூறு பங்கில் 92.5 பங்கு சுத்த வெள்ளி. எங்கள் பிழைப்பு என்பதால் சொல்வதாக நினைத்தால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்துகொள்ளுங்கள். இரும்பாலை இருக்கும் ஊரில் தகட்டுக்கா பஞ்சம்? புளிப்பு, சூடு எதற்கும் அசையாது, விலையும் குறைவு. வெள்ளியாக இருந்தால் 92.5-க்குக் கீழே இறங்காதீர்கள். கொலுசு அதைவிடக் குறைந்த டச்சில் வரும். காலில் போடுவதற்கு அது சரி. சுத்த வெள்ளி இன்னும் உசத்திதானே என்று 99.9 கேட்பவர்கள் உண்டு. அது மெழுகு மாதிரி மென்மை. இரண்டாவது தடவை தூக்கும்போதே காது வளைந்துவிடும். பி.ஐ.எஸ். ஹால்மார்க்கில் 925 என்று இருக்கிறதா பாருங்கள். எடின்பரோவில் முத்திரையிட்ட பழைய சாமான் என்றால் மூன்று கோபுரக் கோட்டை ஒன்று குத்தியிருக்கும்.

முத்திரை இல்லாத சாமானை வீட்டிலேயே ஓரளவுக்குச் சோதிக்கலாம். சமையலறை டிஜிட்டல் தராசில் கிண்ணத்தை எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கிண்ணம் அமிழும் அளவு தண்ணீரை, வழியாதபடி விளிம்புக்குக் கீழே நிறுத்தி, ஒரு பாத்திரத்தில் எடுத்துத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். கிண்ணத்தை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். கிண்ணம் நிற்பதற்காக அடியில் ஒட்டும் அடிவளையத்துக்குள் காற்று சிக்கும். சாய்த்து இறக்கினால் குமிழி வெளியேறிவிடும். 170 கிராம் கிண்ணம் 925 வெள்ளி என்றால் தராசு 16 முதல் 17 கிராம் காட்டும். 19-ஐத் தாண்டினால் யாரோ உங்கள் தலையில் ஜெர்மன் சில்வரைக் கட்டிவிட்டார்கள். காது உள்ளீடற்றதாக இருந்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது.

இனி செய்முறை. ஆர்டர் கொடுப்பவர்கள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, ‘இதே மாதிரி’ என்கிறார்கள். படத்தில் அளவு தெரியாது. சந்தனக் கிண்ணம் செய்து பழகிய பட்டறையில் சொன்னால், சந்தனக் கிண்ணத்துக்கு இரண்டு காது ஒட்டியதுபோல் வந்து நிற்கும். எனவே எழுதிக் கொடுக்க வேண்டிய அளவுகள்: வாய் 10 செ.மீ., ஆழம் 3 செ.மீ., தகட்டின் கனம் 1 மி.மீ. இதற்கு ஏறக்குறைய 12 செ.மீ. வட்டத் தகடு வெட்ட வேண்டும். தகட்டைப் பழுக்கக் காய்ச்சி ஆற்றிவிட்டு அச்சில் ஏற்றிக் கடைந்தாலும் சரி, சுத்தியால் தட்டி எடுத்தாலும் சரி. இடையில் தகடு விறைத்துக்கொள்ளும். மறுபடி காய்ச்சாமல் அவசரப்பட்டால் விளிம்பில் மயிரிழை போல் கீறல் விழும். மெருகு போட்டால் அந்தக் கீறல் கண்ணுக்கு மறையும். கல்யாணம் முடிந்து நாலாவது தடவை கழுவும்போது உதட்டைக் கீறும். விளிம்பில் 2 மி.மீ. அரைவட்டக் கம்பி ஒன்றைச் சுற்றிப் பற்று வைத்துவிட்டால், அதாவது சீக்கிரம் உருகும் உலோகக் கலவையை உருக்கி ஒட்டிவிட்டால், உதட்டுக்கும் இதம், வாயும் நெளியாது.

அடிவளையத்தை எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். இந்தக் கிண்ணத்தின் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. காதின் நுனி, கிண்ணத்தின் நடுவிலிருந்து எட்டரை செ.மீ. வெளியே நிற்கிறது. அடிவளையம் 5 செ.மீ. என்றால், 50 மி.லி. பானம் உள்ள கிண்ணத்தின் காது நுனியில் 90 கிராம் சுமை விழுந்தாலே கவிழும். மாலையின் குஞ்சம் போதும். வளையத்தை 6 செ.மீ. ஆக்கினால் 120 கிராம்வரை தாங்கும். வளையத்தின் உயரம் 1 செ.மீ. இருக்கட்டும், குறைந்தால் கிண்ணத்தின் வயிறு தாம்பாளத்தில் தட்டி, பம்பரம் மாதிரி ஆடும்.

காது 3.5 செ.மீ. வெளியே நீளட்டும், 4 செ.மீ. அகலம் இருக்கட்டும், கனம் ஒன்றரை மி.மீ. இதற்குக் காரணம் அழகு அல்ல. கிண்ணம் கைமாறும் அந்த ஒரு கணத்தில் ஒவ்வொரு காதையும் இரண்டு பேர் பிடித்திருப்பார்கள். கொடுப்பவரின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு பாதியில், வாங்குபவருடையது மறுபாதியில். காது இரண்டரை செ.மீ. என்றால் வாங்குபவருக்குப் பிடிக்க இடமே இருக்காது. அவர் கை கிண்ணத்தின் வயிற்றுக்குப் போகும், கொடுப்பவர் விட்டுவிடுவார். மேல்மட்டம் விளிம்போடு சமமாக நின்று, நுனி மட்டும் லேசாகக் கீழே சரிய வேண்டும். மேல்நோக்கி நின்றால் குடிப்பவரின் கன்னத்தில் இடிக்கும்.

காது ஒடிவது எப்போதும் பற்று வைத்த இடத்தில்தான். ஒரு மில்லிமீட்டர் விளிம்பில் தகட்டை முட்டவைத்துப் பற்று போட்டால் எத்தனை நாள் நிற்கும்? காதின் உட்பக்கத்தை கிண்ணத்தின் வளைவுக்கு ஏற்ப அரத்தால் ராவி, கீழ்ப்புறம் அரை செ.மீ. மடிப்பு விட்டு, அந்த மடிப்பு கிண்ணத்தின் சுவரோடு முழுக்கப் படிந்தபின் வெண்காரம் தடவிப் பற்று வைக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; இடுக்கில் ஒளி தெரிந்தால் பற்று அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம், அது வலு இல்லை. உருகுநிலை கூடிய பற்றைக் காதுக்கும் விளிம்புக் கம்பிக்கும் முதலில் வைத்து, குறைந்ததை அடிவளையத்துக்குக் கடைசியில் வைப்பது முறை. மாற்றிச் செய்தால் வளையம் ஒட்டும்போது காது நழுவும். பற்று வைத்த சூட்டில் காது இளகியிருக்கும் என்பதால், முடிந்தபின் சிறு சுத்தியால் மெல்லத் தட்டி இறுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பற்றில் கேடியம், அதாவது காட்மியம் என்ற நச்சு உலோகம், இருக்கக்கூடாது. வேலை சுலபம் என்பதற்காகப் பட்டறைகளில் அதைப் பயன்படுத்துவது உண்டு, ஒளிப்பானேன். அதன் புகை ஊதுகிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தின்கிறது. நகைகளிலும் பற்றுக்கம்பிகளிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் அதைத் தடை செய்தது. குடிக்கும் பாத்திரம், கேடியம் இல்லாத பற்று வேண்டும் என்று ஆர்டர் சீட்டில் எழுதி வாங்குங்கள். கூலியில் கொஞ்சம் கூடும், கொடுங்கள். பின்னால் பழுது பார்க்கும்போது காரீயப் பற்று வைக்க யாரையும் விடாதீர்கள். அடுத்த முறை அந்த இடத்தைச் சூடாக்கினால் காரீயம் வெள்ளியை அரித்துக் குழி போட்டுவிடும்.

இப்படிச் செய்தால் மொத்தம் 170 கிராம் அளவில் வரும். 100 கிராமில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காதிலோ அடியிலோ கை வைத்திருக்கிறார் என்று பொருள்.

காதின் மேல் செதுக்க, கெல்டிக் முடிச்சு என்று ஒரு பின்னல் கோலத்தை ஸ்காட்லாந்தில் போடுவார்கள். தொடக்கமும் முடிவும் இல்லாமல் ஒரே கோடு சுற்றிச் சுற்றி வரும். நம் சிக்குக் கோலமும் அதுதானே! படத்தைப் பார்த்து அரைகுறையாகச் செதுக்குவதைவிட, மணமகளின் வீட்டு வாசலில் போடுகிற கோலம் ஒன்றைக் கொடுங்கள். செதுக்குபவருக்கும் கை பழகியது. 1-3-1 புள்ளிக் கோலம் போதும். அதற்கு மேல் புள்ளி போனால் மூன்றரை செ.மீ. இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மெருகு போடும்போது கலங்கிவிடும். பெயரும் தேதியும் அடிவளையத்துக்கு உள்ளே போகட்டும். கையும் துணியும் படாத இடம், தேயாது.

எவ்வளவு ஊற்றுவது? இந்த அளவுக் கிண்ணம் விளிம்புவரை 130 மி.லி. பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காக ஊற்றக்கூடாது. 50 மி.லி. ஊற்றினால் பானம் 1.8 செ.மீ. உயரம் நிற்கும், கிண்ணத்தை 15 டிகிரி சாய்த்தாலும் சிந்தாது. 100 மி.லி. ஊற்றினால் 5 டிகிரி சாய்வதற்குள் வழிந்துவிடும். ஐந்து டிகிரி என்பது கை நடுக்கம். முகூர்த்த நேரத்தில், நானூறு பேர் பார்க்க, யாருக்குத்தான் கை நடுங்காது? இரண்டு பேருக்கு ஆளுக்கொரு வாய், 50 மி.லி. தாராளம். பிரிட்டனில் பாரில் ஊற்றும் ஒரு விஸ்கி அளவே 25 அல்லது 35 மி.லி.தான், கிண்ணத்தின் வடிவம் அந்தச் சிறு அளவுக்கு ஏற்றது.

அங்கே விஸ்கி. இங்கே என்ன? திருமண மண்டபங்களில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் கொடுக்கலாம் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களுக்குக் கிடையாது என்று பின்வாங்கியது நினைவிருக்கலாம். ‘சடங்குக்கு ஒரு சொட்டுதானே’ என்ற சமாதானம் மண்டபத்தில் செல்லாது. உரிமம் உள்ள ரிசார்ட்டில் என்றாலும் 21 வயது ஆகாதவர் கையில் கிண்ணம் போகக்கூடாது. நேர்மையாகச் சொன்னால், நம் சடங்கில் இந்தக் கிண்ணத்துக்கு ஏற்கனவே ஒரு காலி இடம் இருக்கிறது. தாலி கட்டியபின் பாலும் பழமும் கொடுக்கிறோமே, அங்கே வையுங்கள். விஸ்கிக் கல்யாணங்களில் இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு விஸ்கி கொண்டுவந்து கலப்பதுண்டு. அதையே இரண்டு தாய்மார்களும் ஆளுக்கு 25 மி.லி. பால் ஊற்றுவதாக மாற்றிக்கொண்டால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. காய்ச்சிய பாலை ஆடை நீங்க வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிய பிறகே ஊற்ற வேண்டும். வெள்ளியைப்போல் சூட்டைக் கடத்தும் உலோகம் வேறில்லை. பால் கொதித்தால் காதும் கொதிக்கும், பிடித்தவர் கீழே போடுவார். ஏற்காட்டுக் காபியை ஊற்றலாமே என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: ஆறிய காபி என்றால் சரி. பழத்துண்டைக் கிண்ணத்துக்குள் போடாதீர்கள், தனித்தட்டில் இருக்கட்டும். இளநீர் இன்னும் நல்லது, வேட்டியில் சிந்தினாலும் உடனே தண்ணீர் ஒற்றினால் போய்விடும். திராட்சைச் சாறும் நன்னாரியும் சேலம் வெண்பட்டுக்கு எமன்.

கொடுக்கும் முறை. தாம்பாளத்தில் கிண்ணத்தை வைக்கும்போதே இரண்டு காதும் இடமும் வலமுமாக நிற்கட்டும். மணமகன் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பிடித்து, பெருவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே தாங்க, நெஞ்சு உயரத்தில் நீட்டுகிறார். மணமகள் எதிர்ப்புறமிருந்து இரண்டு காதையும் பிடிக்கிறார். ‘பிடித்துவிட்டேன்’ என்று அவர் தலையசைத்த பிறகே இவர் கையை எடுக்க வேண்டும். இரண்டு கையும் கிண்ணத்தில் இருந்தால் ஆயுதம் எடுக்கக் கை இருக்காது, ஆகவே இது நம்பிக்கையின் அடையாளம் என்று ஸ்காட்லாந்தில் விளக்கம் சொல்வார்கள். பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையால் கொடுத்து வாங்கி வளர்ந்த நமக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. காதுகளுக்கு நடுவே உள்ள விளிம்பில்தான் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து இதில் முயலாதீர்கள். அகன்ற வாயிலிருந்து தாரை ஒன்றாக விழாது. பரந்து கழுத்திலும் மாலையிலும் இறங்கும்.

மாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோஜா மாலை மார்பளவு தடிமனாக நிற்கும்போது நெஞ்சு உயரத்தில் கிண்ணத்தை நீட்டினால், இதழும் நாரும் பாலில் விழாமல் என்ன செய்யும்? தோழி ஒருத்தி மாலையைப் பக்கவாட்டில் ஒதுக்கிப் பிடிக்கட்டும். கையில் சந்தனமும் எண்ணெயும் ஒட்டியிருக்கும், ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கொடுங்கள். கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தால் கிண்ணத்தின் காதில் மாட்டும், முழங்கைப் பக்கம் ஏற்றிவிடுங்கள். திறந்த வெளியில் என்றால் காற்றுக்குச் சருகு விழும், மண்டபத்தில் என்றால் ஓமச் சாம்பல் விழும்; ஊற்றும்வரை கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி வையுங்கள். முதல்நாள் மாலை வெறும் தண்ணீரில் ஒருமுறை பழகிப் பார்ப்பது நல்லது. புகைப்படக்காரர் ‘இன்னொரு தடவை சார்’ என்று நிச்சயம் கேட்பார். அதற்குக் காலிக் கிண்ணம் போதும்.

ஸ்காட்லாந்தில் மணமக்கள் குடித்தபின் கிண்ணம் பெற்றோருக்கும், சில வீடுகளில் விருந்தாளிகள் எல்லோருக்கும் சுற்றி வரும். இங்கே அது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எச்சில் நமக்கு ஆகாது. கணவன் மனைவிக்குள் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, மூன்றாவது ஆள் என்றால் முகம் சுளிப்பார்கள். சளி, காய்ச்சல் பரவுவதும் இருக்கிறது. விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டால் கிருமி போய்விடாது. உறவினர்களும் கலந்துகொள்ள வேண்டுமென்றால் அவர்கள் குடிக்க வேண்டாம், ஊற்றட்டும். மணமக்களுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் அதே பானத்தைக் கொடுங்கள்.

மாதா கோவிலிலோ சி.எஸ்.ஐ. ஆலயத்திலோ திருமணம் என்றால், வழிபாட்டுக்குள் இந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோகும் முன் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ கேட்டுவிடுங்கள். நற்கருணைக்கான திருக்கிண்ணம் வேறு, இது வேறு. பீடத்தின் அருகே இரண்டும் இருந்தால் குழப்பம் வரும். வரவேற்பு நிகழ்ச்சியில் வைத்துக்கொள்வது யாருக்கும் தொந்தரவில்லாத வழி.

முடிந்ததும் சமையல்காரர்களின் பாத்திரக் குவியலில் கிண்ணத்தைப் போட்டுவிடாதீர்கள், போனால் போனதுதான். பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். காதின் மடிப்புக்கு அடியில் பால் காய்ந்து தங்கும், பழைய மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் அங்கே தேய்க்கலாம். பருத்தித் துணியில் ஈரம் போகத் துடைத்து, பருத்தித் துணியிலேயே சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் பட்ட இடத்தில் கறுப்பு வளையம் விழும். கறுத்துப்போனால் திருநீறோ பூந்திக்கொட்டை நீரோ போதும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டுச் சுடுநீரில் ஊறவைக்கும் யூடியூப் வைத்தியம் கறுப்பை எடுக்கும், மறுப்பதற்கில்லை. கோலம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று செதுக்கலுக்குள் வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். பிறகு மறுபடி பட்டறைக்குத்தான் வர வேண்டும்.

கட்டுரையில் வெளியான படத்துக்குப் பதிலாக, கிண்ணத்தை இரண்டு கையாலும் சரியாகப் பிடித்த படம் ஒன்றைப் பிறகாவது வெளியிட்டால் நல்லது. ரிசார்ட்டுகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்யும்.

இப்படிக்கு,
வெள்ளிப் பாத்திரத் தொழிலாளர்கள் சிலர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.